நீல டிக்

வைகாசி 12, செவ்வாய். இரவு.

சேகர் செத்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இன்னும் இருக்கிறான். அட்மின் அவன் ஒருவன்தான். அவனை நீக்க எங்கள் மூன்று பேராலும் முடியாது. குரூப்பில் எல்லோரும் படித்தால்தான் டிக் நீலமாகும். அவன் போன நாளிலிருந்து நான் போட்ட எதுவும் நீலமானதில்லை. அதுவும் பழகிவிட்டது.

இன்று மாலை வழக்கமான அரட்டை. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் முனிரத்தினம், "காலைலேர்ந்து கரண்ட் போய்ப் போய் வந்துகினு கீது" என்று புலம்பினான். அரக்கோணத்தில் மெக்கானிக்காக இருக்கும் சலீம், "ஓட்டு கேக்க வருவான் இல்ல, அப்ப கேளு நைனா" என்றான். "கேட்டா மட்டும்? எங்க ஊர் மலை ரோட்டையே ஒழுங்கா போடல" என்று நான் எழுதினேன்.

டிக் நீலமானது.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒன்றும் எழுதவில்லை. சேகர் மனைவிக்குப் போன் செய்தேன்.

"அவர் போனா? ஆஃப் பண்ணி பீரோல வச்சிகீறேன். அப்புறம் சார்ஜ்கூட போடலண்ணா. ஏன்?"

"சும்மாம்மா" என்று வைத்துவிட்டேன்.

இப்போது மணி பன்னிரண்டு. மனசு கேட்கவில்லை. "பாவா, நீயா?" என்று குரூப்பில் போட்டேன். சேகரை அப்படிக் கூப்பிடுவது நான் மட்டும்தான்.

உடனே நீலம்.

அப்படியென்றால் முனிரத்தினமும் சலீமும்கூடத் தூங்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.