பிறந்த வீட்டைச் சுற்றிக் காட்டிய நாள்

செப்டம்பர் 20, சனி

இன்று எங்கள் பாலித் தீவில் இரும்புக்குப் படையல் போடும் நாள். அந்தக் காலத்தில் கத்திக்கும் கலப்பைக்கும் செய்தார்கள். இப்போது காருக்கும் பைக்குக்கும்தான் மரியாதை. தெரு முழுக்க வண்டிகள் குளித்து முழுகி, முகப்பில் தென்னங்குருத்துப் பின்னல் தொங்க, மாப்பிள்ளை மாதிரி நின்றன. எல்லாரும் அவரவர் வீட்டுக் கோயிலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நான் என் சுற்றுலாக் காரை வாடகை அறைக்கு முன்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய தீர்த்தத்தைத் தெளித்தேன்.

கடேக், உனக்கு வெட்கமாக இல்லையா? இல்லை. கொஞ்சம்.

சுகாவதியில் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் பெட்டியோடு கிளம்பி இரண்டு வருஷம் ஆகிறது. கோர்ட்டில் எல்லாம் முடிந்தது. அந்த வீட்டுக் கோயில் இனி எனக்கில்லை. பெஜெங்கில் அப்பா வீட்டுக் கோயில் இருக்கிறது. ஆனால் பதினாலு வருஷத்துக்கு முன், கல்யாணத்தன்று அங்கே மண்டியிட்டு, "போகிறேன்" என்று முன்னோர்களிடம் சொல்லிவிட்டு வந்தவள் நான். சொன்னபின் அந்தக் கோயில் வாசலைத் தாண்ட எனக்கு உரிமை கிடையாது. திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு சடங்கு உண்டு. அண்ணன் கூப்பிட வேண்டும். அவன் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பரில் கலுங்கான். முன்னோர்கள் வீடு தேடி வருகிற பண்டிகை. போன தடவை பூவும் ஊதுவத்தியும் டாஷ்போர்டில் வைத்து, ஸ்டியரிங்கைப் பார்த்துக் கும்பிட்டேன். இந்தத் தடவையும் அதுதானா?

செப்டம்பர் 24, புதன்

மழை. சுற்றிக் காட்டப் பயணிகள் யாரும் வரவில்லை. அறையில் உட்கார்ந்து வாழைப்பழத்தை வறுத்துத் தின்றேன். எண்ணெய் அதிகம்.

அக்டோபர் 2, வியாழன்

நாளைக்கு முழுநாள் சுற்றுலா. போலந்திலிருந்து ஓர் அக்காவும் தங்கையும். இருவருக்கும் எழுபதுக்கு மேல். பாரோங் முகமூடி ஆட்டம், ஊருக்குள் ஒரு பாரம்பரிய வீடு, மதியம் சுனைக்கோயில். ஏஜென்சிப் பையன் சொன்னான்: "கடேக்கா, ரொம்பக் கேள்வி கேப்பாங்களாம். உங்களுக்குச் சரியா இருக்கும். நீங்களும் வாயை மூட மாட்டீங்க."

அக்டோபர் 3, வெள்ளி

எங்கிருந்து தொடங்க? காலையிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா ஹலீனா, தங்கை தெரேசா. முன் சீட்டில் யார் உட்காருவது என்று ஹோட்டல் வாசலிலேயே சண்டை. அக்கா ஜெயித்தார். தங்கை பின்னாலிருந்து அவர் கழுத்தை முறைத்துக்கொண்டே வந்தார். பாரோங் ஆட்டம் முடிவதற்குள் இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது போன். நான் வழக்கமாகப் பயணிகளைக் கூட்டிப் போகும் வீட்டில் பெரியவர் இறந்துவிட்டார். தீட்டு. வெளியாள் போக முடியாது. வேறு இரண்டு வீடுகளைக் கேட்டேன். ஒன்றில் பூட்டு, ஒன்றில் வெள்ளையடிப்பு. "வீடுதான் முக்கியம், கோயிலை நாங்கள் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்வோம்" என்று தெரேசா பிடிவாதம் பிடித்தார்.

வண்டி நின்றிருந்த இடத்திலிருந்து பெஜெங் கூப்பிடு தூரம். நான் வேண்டுமென்றே அந்த யோசனைக்குப் போகவில்லை. அதுவாகத்தான் வந்தது.

"அண்ணி, ரெண்டு விருந்தாளிங்க இருக்காங்க. வீடு பாக்கணுங்கறாங்க. அரை மணி நேரம்தான்."

"யார் வீட்டை?"

"உங்க வீட்டை."

அண்ணி, "உங்க வீடா? சரிம்மா, சரி. கூட்டிட்டு வா எங்க வீட்டுக்கு. முற்றம் பெருக்கலை, உன் வெள்ளைக்காரிங்ககிட்ட சொல்லிடு" என்றாள். 'எங்க'வை நன்றாக அழுத்தினாள். அவள் நாக்கு அப்படித்தான்.

அப்பாவுக்கு மருந்து கொடுக்க அவ்வப்போது போவேன். வாசல் தடுப்புச் சுவரோடு சரி. இன்று அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன், கையில் ஏஜென்சிக் குடையோடு.

தொழில் குரல் என்று ஒன்று இருக்கிறதே, அது கைகொடுத்தது. இது சமையலறை. இது நெற்களஞ்சியம். இந்தக் கிழக்கு மண்டபத்தில்தான் குழந்தைக்குச் சடங்கு, கல்யாணம், செத்தால் கிடத்துவதும் இங்கேதான். நூறு வீடுகளில் சொன்ன வார்த்தைகள். அந்தத் தூணில் என் உயரத்தை அண்ணன் அரிவாளால் கீறி வைத்த கோடு இன்னும் இருக்கிறது. நான் குடையை அதை மறைத்துப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

அப்பா தரையில் உட்கார்ந்து சேவலின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் கெடே வீர்தா வயலிலிருந்து வந்து, சேற்றுக்காலோடு ஒதுங்கி நின்றான். என்னைப் பார்த்தான். நான் விருந்தாளிகளைப் பார்த்தேன்.

வடகிழக்கு மூலையில் கோயில். சகோதரிகளுக்குக் கோயில் முறைப்படி இடுப்பில் துணி கட்டிவிட்டு, வாசற்படியில் நின்றுவிட்டேன்.

"நீ வரவில்லையா?" என்றார் ஹலீனா.

"இன்றைக்கு நான் போகக் கூடாது" என்றேன். பெண்கள் அல்லவா, அவர்களாகவே ஒன்றைப் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். நல்லது.

அப்பா கேட்டார்: "உள்ள போகலையா, லூ?" சின்ன வயதிலிருந்து லூ என்றுதான் கூப்பிடுவார். பெண்ணே என்று அர்த்தம்.

"அவங்க பாக்கட்டும்பா."

அப்பா சேவலிடம் திரும்பினார். "பாத்தியாடா பிடிவாதத்தை? யார் மாதிரி?" சேவல் பதில் சொல்லவில்லை.

வழிகாட்டி இல்லாமல் இரண்டு கிழவிகளும் உள்ளே திருதிருவென்று நின்றார்கள். அண்ணன் குழாயடியில் காலைக் கழுவிவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். அவனுக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். என் காதில் விழவில்லை.

அண்ணி காப்பி கொண்டுவந்தாள். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. மூடி போட்ட விருந்தாளிக் கோப்பை. தட்டில் அரிசிப் பலகாரம். சகோதரிகளுக்கு இரண்டு, எனக்கு ஒன்று, மூன்றும் ஒரே மாதிரி. வீட்டுக்காரர்கள் குடிக்கும் கண்ணாடி டம்ளர் அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்தது, நான் பார்த்தேன். "எடுத்துக்கோங்க" என்றாள் அண்ணி. மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொன்னாள். இருந்தாலும் — எடுத்துக்கோங்க! என்னைப் போய்!

காப்பியில் சர்க்கரை குறைவு. சொல்லவில்லை. விருந்தாளி குறை சொல்வாளா?

கிளம்பியபின் வண்டியில் தெரேசா கேட்டார்: "அந்த மனிதர் உனக்கு உறவா?"

"ஏன்?"

"ஒவ்வொரு சன்னிதியாகக் காட்டினார். 'மை கிராண்ட்ஃபாதர்' என்றார். பிறகு வாசலில் நின்ற உன்னைக் காட்டி, 'ஷீ கிராண்ட்ஃபாதர்' என்றார். 'மை கிராண்ட்மதர். ஷீ கிராண்ட்மதர்.' ஒன்று விடாமல், எல்லாச் சன்னிதிக்கும் அப்படியே சொன்னார்."

வயல் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லி இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன். நன்றாக அழுதேன். சுனைக்கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் அக்காவும் தங்கையும் சண்டையே போடவில்லை.

அக்டோபர் 4, சனி

எனக்குச் சொல்ல வேண்டியதைப் போலந்துக்காரியிடம் போய்ச் சொல்கிறானே, மடையன்! அரைகுறை ஆங்கிலத்தில்! நேராக என்னிடம் பாலி மொழியில் சொன்னால் நாக்கு வெந்துவிடுமா?

அக்டோபர் 9, வியாழன்

ஹலீனா போட்டோக்கள் அனுப்பியிருந்தார். பாரோங், கடலைப் பொட்டலம், அப்பாவின் சேவல். கடைசியில் ஒன்று, கோயிலுக்குள்ளிருந்து எடுத்தது. வாசலுக்கு அப்பால் நான் குடையோடு நிற்கிறேன்.

இந்தப் பதினாலு வருஷமாக வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தூரம் என்று தோன்றும். உள்ளேயிருந்து பார்த்தால் நான் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறேன்! முன்னோர்கள் அங்கிருந்துதானே பார்ப்பார்கள். ஓர் எட்டு வைத்தால் போதும். ஏன் அங்கேயே நிற்கிறாள் இந்தப் பெண் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்குமோ?

அண்ணிக்குப் போன் போட்டேன். மருந்து விஷயம் பேசுவதுபோல ஆரம்பித்தேன். அவள் பாதியில் நிறுத்தினாள்.

"மருந்து இருக்கட்டும். நீ எப்ப வாயைத் திறந்து கேக்கப் போறே?"

"அண்ணன்தானே கூப்பிடணும்?"

"அவரு என்ன சொல்றாருன்னு தெரியுமா? 'நான் போய்க் கூப்பிட்டா, புருஷன் துரத்திட்டான், அண்ணன் போய்ப் பொறுக்கிட்டு வந்தான்னு ஊரு பேசும். அவளா வந்து கேட்டா, மகாராணி மாதிரி அவளா வந்தாள்னு இருக்கும்'ங்கறாரு. நீ கேக்கட்டும்னு அவரு, அவர் கூப்பிடட்டும்னு நீ. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற மாதிரி நடுவுல நான்!"

என் மரியாதையைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தானாம். இரண்டு வருஷமாக.

அக்டோபர் 14, செவ்வாய்

முறையாகக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் படையல் கூடையைச் சந்தையில் வாங்கினேன். தேங்காய், முட்டை, அரிசி, பூ. பெஜெங் முனை வரை போனேன். திரும்பிவிட்டேன். முட்டை வீணாகிவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் அதையே யோசித்தேன். முட்டையா முக்கியம்?

அக்டோபர் 16, வியாழன்

போனேன். கேட்டேன்.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, நல்ல கபாயாச் சட்டை போட்டு, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் முன்னால் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்திருந்த பெரிய வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. "நான் திரும்பி வரட்டுமா?" என்றுதான் வந்தது. அவ்வளவுதான்.

அண்ணன் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதைப் போய்க் கடையில வாங்கினியா? அண்ணிகிட்டச் சொல்லியிருந்தா அவளே கட்டியிருப்பாளே. பாரு, ஓலை எல்லாம் காய்ஞ்சு கெடக்கு."

"நீ சொல்லு, வரட்டுமா வேண்டாமா?"

"வராம?" என்றான். மூக்கை உறிஞ்சினான். "வராம வேற எங்க போவே, கழுதை."

அப்பா சேவலைக் கூண்டில் விட்டுவிட்டு வந்து என் முழங்காலைத் தட்டினார்.

அக்டோபர் 28, செவ்வாய்

சுகாவதியிலிருந்து புருஷன் வீட்டார் ஒருவர் வந்து என்னை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகுதான் சடங்கு. அண்ணன் இரண்டு தடவை போய்விட்டு வந்தான். "பார்க்கலாம்" என்கிறார்களாம். கலுங்கானுக்குள் வராவிட்டால்? யோசிக்காதே. யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இன்று சுற்றுலாவில் ஒரே கதையை இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

நவம்பர் 1, சனி

இன்னும் பதில் இல்லை. டாஷ்போர்டில் பூ வைக்கும்போது முன்னோர்களிடம் சொன்னேன்: கொஞ்சம் நீங்களும் முயற்சி செய்யுங்களேன்.

நவம்பர் 5, புதன், பௌர்ணமி

வந்தார்கள். அவன் வரவில்லை, அவனுடைய பெரியண்ணன் வந்தார். நல்ல மனிதர், வெட்கத்தில் தலை நிமிரவில்லை. இரண்டு வாக்கியம் சொன்னார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். பதினாலு வருஷத்துக்கு இரண்டு வாக்கியம். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் எடுத்தது.

பிறகு கோயில் வாசல். துணி கட்டியிருந்தேன். அண்ணி பின்னாலிருந்து முதுகில் ஒரு விரலால் குத்தினாள்: "போயேன்டி! இங்கயும் குடை பிடிச்சு யாராவது கூட்டிட்டுப் போகணுமா?"

படி தாண்டினேன்.

உங்கள் பெண் வந்திருக்கிறாள், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பூசாரி சொன்னார். தீர்த்தம் தலையில் விழுந்தது. குளிர். பக்கத்தில் மண்டியிட்டிருந்த அண்ணன் தாழ்ந்த குரலில் ஒவ்வொரு சன்னிதியாகச் சொன்னான்: "தாத்தா. பாட்டி. பெரிய தாத்தா." எனக்குத் தெரியாதா! தெரியும். ஆனாலும் அவன் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போதுதான் அழுதேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நாளை கலுங்கான். விடியும் முன்பே பன்றி வெட்டி, லாவர் கறிக்குத் தேங்காய் துருவி, கை முழுக்க மஞ்சள். வாசலில் பண்டிகை மூங்கில் நட்டாகிவிட்டது. அண்ணன் சாய்வாக நட்டுவிட்டான் என்று அப்பாவுக்குக் கோபம். எனக்கு மேற்கு அறை கொடுத்திருக்கிறார்கள். கூரை ஒழுகும் என்று எச்சரித்துவிட்டார்கள்.

நவம்பர் 19, புதன்

கும்பிட்டேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

முழுநாள் சுற்றுலா. நான்கு பேர், எல்லாரும் வெயிலில் முனகினார்கள். வீடு வந்து சேரும்போது இடுப்பு ஒடிந்துவிட்டது. மண்டபத்தில் சாய்ந்துகொண்டு, "அண்ணி, ஒரு காப்பி" என்றேன்.

அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது: "ஏன், உனக்குக் கை இல்லையா? சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு தெரியாதா? போட்டுக்க, எனக்கும் சேத்துப் போடு!"

எழுந்து போய்ப் போட்டேன். கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி டம்ளரில், சர்க்கரை தூக்கலாக. அண்ணியுடையதில் குறைவாக.