வாலாஜாபாத்திலிருந்து நீ திரும்பி வந்த நாள்

என் கோமளா,

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. உனக்கு எழுதுவதென்றால் பிரெயிலில்தான் எழுத வேண்டும் என்று புள்ளி குத்தும் பழைய பலகையையும் ஊசியையும் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். விரலுக்கு மறந்துவிடவில்லை. தப்பு இருந்தால் எப்போதும் போல முணுமுணுத்துக்கொண்டே படி.

முதலில் நல்ல சேதி. நம் நித்யாவின் மகள் யாழினிக்குப் பத்து மாதம். விடுப்பு முடிந்து, போன திங்கட்கிழமை நித்யா பேங்க் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாப்பிள்ளையும் காலையிலேயே கிளம்பிவிடுகிறார். அவர்கள் வரும்வரை குழந்தை என்னிடம். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

சம்பந்தியம்மா கேள்விப்பட்டுப் பதறிப்போய் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காத நித்யா. உங்க அப்பா நல்லவருதான். ஆனா கண்ணு தெரியாதவரு கையில கைக்கொழந்தைய வுட்டுட்டு…"

நித்யா முடிக்க விடவில்லை. "அத்தை, என்னை வளத்தவங்க ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியாது. நான் இன்னா கெட்டா போயிட்டேன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை கோமளா. அவளுக்குத் தெரியாத அந்தப் பதினோரு நாள் ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. இப்போதாவது பேசலாமா?

நித்யா பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறையில் இருந்தோம். நான் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். நீ அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களுக்கு தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னத் தார்க்குச்சியில் சுற்றித் தந்துகொண்டிருந்தாய். அம்மை கண்ட பிறகு ஆறு வயதில் போன பார்வையைப் பற்றி நீ வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. பட்டு நூல் எங்கே அறுந்தது என்று உன் விரலுக்குத் தெரிந்தது போலத் தறிக்காரர்களுக்கே தெரியாது.

அன்றைக்கு வாலாஜாபாத்திலிருந்து உன் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். மாமாதான் பேச்சை ஆரம்பித்தார். "ஒருத்தருக்காவது கண்ணு இருந்தா பரவால்ல மாப்ள. ரெண்டு பேருக்குமே இல்ல. கொழந்தைய நாங்க எடுத்துக்கினு போறோம். நல்லா நடக்கற வயசு வந்ததும் குடுத்துடறோம்."

நீ உடனே "முடியாது மாமா" என்றாய். அப்புறம் எல்லோரும் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. நான் என்ன சொன்னேன்? "அவங்க சொல்றதும் சரிதானே கோமளா."

நீ எழுந்தாய். குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்து உன் அம்மா கையில் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு வீட்டில் எவ்வளவு அமைதி! தினமும் காலையில் நீ முற்றத்து மூலையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டும் சத்தம் கேட்கும். கேட்காதவன் போல நான் சட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து தெருவில் திரும்புகிறேன், குழந்தை அழும் சத்தம். யார் வீட்டிலோ என்று நினைத்தேன். கைத்தடியைத் தட்டித் தட்டி வரவர, சத்தம் நம் வீட்டு வாசலில்தான் இருந்தது. உள்ளே நீ, குழந்தை, கூடவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு உன் அம்மா.

"பால் கட்டிக்கிச்சு. போய் எடுத்துக்கினு வந்துட்டேன்," என்றாய். அவ்வளவுதான்.

மிச்சத்தை உன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நீ தனியாகக் கைத்தடியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாய். அதுவரை ஒருநாளும் தனியாகப் பஸ் ஏறாதவள். கண்டக்டர், "கூட யாரும் வரலியாம்மா?" என்று கேட்டாராம். "திரும்பும்போது எம் பொண்ணு வருவா," என்றாயாம்.

வாலாஜாபாத்தில் உன் அம்மா வழிமறித்துக் கத்தியிருக்கிறார். "கால் தடுக்கிக் கீழ போட்டுட்டா இன்னாடி செய்வ?"

"கண்ணு இருக்கறவங்க வூட்டுக் கொழந்தைங்க விழாமலா வளருது? விழுந்தா தூக்குவேம்மா."

மனசு கேட்காமல் அவரும் உன்னோடு பஸ் ஏறிவிட்டார். வரும் வழியெல்லாம் குழந்தையை அவர் கையில் நீ தரவே இல்லையாம். பை மட்டும்தான் அவர் மடியில்.

அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம். மறுநாள் காபி ஆற்றும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அன்னிக்கி உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"இல்ல, கொழந்த நல்லதுக்குத்தான்," என்றேன்.

பொய், கோமளா. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நீ குளிக்கப் போயிருந்தபோது, பாயில் கிடந்த நித்யாவின் கை மேல் என் கால் பட்டுவிட்டது. லேசாகத்தான். அவள் வீறிட்டு அழுதாள். விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அழுகை எனக்குள்ளேயே தங்கிவிட்டது. உன் மாமா கேட்டபோது பதில் சொன்னது அந்தப் பயம்தான். இதை உன்னிடம் சொல்ல எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நீ இருந்தபோது சொல்லியிருக்கக் கூடாதா?

அப்புறம் நீ வளர்த்தாய், உன்னைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். இடது கை விரலை அவள் உதட்டில் வைத்து, அந்த விரலை ஒட்டியே கரண்டியைக் கொண்டுபோக வேண்டும். மருந்து உறிஞ்சும் குழாயில் எவ்வளவு ஏறியது என்று விரலுக்குத் தெரிய, டாக்டரம்மாவிடம் சொல்லி நீ அதன் தண்டில் ஒரு வெட்டு போட வைத்தாய். தூளியின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு நூல் சுற்றுவாய். அவள் இடுப்பில் கட்டிய மணி குலுங்கினால் நமக்கு நிம்மதி. மணிச் சத்தம் நின்றால், எதையோ வாயில் போட்டுக்கொண்டாள் என்று அர்த்தம். இரண்டு பேரும் நாலு பக்கமும் தவழ்ந்து தேடுவோம். ஒருமுறை நம் தலைகள் இடித்துக்கொள்ள, அவள் கைதட்டிச் சிரித்தாளே!

கருட சேவை அன்று விடிகாலையில், பெருமாள் குடையோடு வருவதைப் பார்க்க அவளை என் தோளில் உட்கார வைத்துக்கொண்டு போவோம். "அப்பா, கொடை ஆடிக்கினு வருது, பெரிய கொடை!" என்று காதருகே கத்துவாள். கூட்டத்தில் யாராவது "பாவம்" என்றால் நீ திரும்பி, "தள்ளி நில்லுங்க, கொழந்தைக்கு மறைக்குது," என்பாய்.

அவளுடைய மூன்றாம் வகுப்பு டீச்சர், "இனிமே நீதான் உங்க அம்மா அப்பாவுக்குக் கண்ணு," என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அவள் விளையாடப் போகவில்லை. மறுநாள் நீ பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாய். "டீச்சர், எங்க வேலைய நாங்க பாத்துக்கறோம். அவளை ஆட வுடுங்க." டீச்சர் நல்லவர், உன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த சாயங்காலமே நித்யா முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். உனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன புதன்கிழமை எல்லாவற்றையும் நித்யாவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பதினோரு நாள், அவள் கையில் என் கால் பட்டது, நான் உன்னிடம் சொன்ன பொய். அவள் எழுந்து உள்ளே போனாள். கோபமோ என்று நினைத்தேன். பிறகு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? திங்கக்கெழம யாழினிய உங்ககிட்ட வுட்டுட்டுப் போனேன்ல? நேரா போவலப்பா. தெருமுனையில பத்து நிமிஷம் நின்னுக்கினு இருந்தேன். அழுவுற சத்தம் கேக்குதான்னு."

"கேட்டுச்சா?"

"நீங்க பாடறதுதான் கேட்டுச்சு. கர்ண கொடூரமா இருந்துச்சு. சரி, கொழந்த பொழச்சிக்குவான்னு போயிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அவள் என் கையை விடவில்லை.

கோமளா, அன்றைக்கு நீ கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. யாழினி இருமினால்கூட நெஞ்சு திக்கென்கிறது. இனிமேல் பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வேன், தெரியாததைக் கேட்டுக்கொள்வேன். ஆனால் குழந்தையை மட்டும் யார் வந்து கேட்டாலும் கையிலிருந்து விட மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. பாயைக் கையால் தட்டுகிறாள். நான் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
நித்யாவின் அப்பா, யாழினியின் தாத்தா,
ஏகாம்பரம்