மொட்டைத் தலைக்கு எந்த உடை

ஆயர் ஈத்தாம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள ரமணி அக்காவுக்கு,

தங்கை தனுஜா எழுதுவது. ஜொகூரிலிருந்து நீ அனுப்பிய கறுப்பு ஜாக்கெட் நேற்று வந்து சேர்ந்தது. தோள் எனக்குச் சரியாக இருக்கிறது. கை மட்டும் கொஞ்சம் நீளம். அம்மா சுகம். அவர் ஃபாக்டரியில் மார்ச்சுக்கு மேல் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஃபிளாட்டில் எங்கே நின்று பேசினாலும் அம்மா காதில் விழும். அதோடு நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீ அழுவாய். நீ அழுதால் என் மனம் மாறிவிடும்.

செவ்வாய்க்கிழமை பீச் ஸ்திரீட்டில் உள்ள கணக்காய்வு நிறுவனத்தில் எனக்கு இண்டர்வியூ இருப்பது உனக்குத் தெரியும். பட்டம் வாங்கியதிலிருந்து எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டு வந்த முதல் அழைப்பு இதுதான். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவில் அடிவாரத்தில் நான் மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறேன். போன வருஷம் வேண்டிக்கொண்டது. இந்தப் பூசத்துக்கே முடிக்கிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

இண்டர்வியூவைப் பூசத்துக்கு முன்னால் வைக்க முடியுமா என்று கேட்டு, திருத்தித் திருத்தி ஒரு ஈமெயில் அனுப்பினேன். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் தோது என்று பதில் வந்தது. கீழே உடை பற்றியும் எழுதியிருந்தார்கள். அலுவலக முறை உடை, மூடிய காலணி, பெண்கள் தலைமுடியை ஒழுங்காகக் கட்டி வர வேண்டும். கடைசி வரியைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

டிகிரி முடித்ததற்காக வேண்டிக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே நினைத்துக்கொள். அதனால்தான் அம்மா என்னோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். "டிகிரிக்குப் பூமுடி போதும்டி. மூணு கத்திரி, முடிஞ்சுது. முருகன் என்ன ஸ்கேல் வச்சு அளக்கவா போறாரு?" என்கிறார். பொம்பளைப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் கொடுக்கிறார்களாம். உண்மைதான். ஆனால் நான் வேண்டும்போது மூன்று கத்திரி என்று சொல்லவில்லை அக்கா. முழுத் தலையையும்தான் சொன்னேன். அன்றைக்குப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு, கொடுக்கிற நேரத்தில் எப்படிக் குறைப்பது?

ஆக, மொட்டைத் தலையோடு என்ன உடுத்துவது என்பதுதான் இப்போது கேள்வி. நேற்று அம்மா வேலைக்குப் போனதும் ஒத்திகை பார்த்தேன். முடியை இறுக்கிச் சுருட்டி, மேலே ஈரத் துண்டை வழுவழு என்று கட்டிக்கொண்டு உன் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொள்ள வரிசையில் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களில் ஒருத்தியைப் போல இருந்தேன். அம்மாவின் சாம்பல் நிறச் சேலையைக் கட்டிப் பார்த்தேன். மலையிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்து பிரசாதத்துக்கு நிற்பவளைப் போல இருந்தது.

எதிர் வீட்டு நூருல் அக்கா வந்து பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். தலையை மூடிக் கட்டுகிற தன் தூடோங் ஒன்றைக் கொண்டுவந்து கட்டியும் விட்டார். பழுப்பு நிறம். ஜாக்கெட்டோடு அவ்வளவு பொருத்தம். "யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க லா. அழகா உள்ள போயிட்டு வா" என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு அவரே ஊசியைக் கழற்றினார். "வேணாம் தனு. விண்ணப்பப் பாரத்துல உன் பேரைப் படிப்பாங்க, அப்புறம் உன் மூஞ்சியைப் பாப்பாங்க. நீ திருதிருன்னு முழிப்பே. வேலைக்குச் சேந்தப்புறம் எத்தனை நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போவே?" என்றார். அவர் சொன்னது சரிதான். மறைக்கத் துணி வேண்டுமென்றால் ஏன் கொடுக்க வேண்டும்?

இன்னும் முடிவாகவில்லை. கறுப்பைப் போட்டுக்கொண்டு நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்று அம்மா ஒரு பக்கம். உடையைப் பார்த்துத்தான் முதல் அபிப்பிராயம் வரும் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னவர்கள் இன்னொரு பக்கம். முதல் அபிப்பிராயத்தில் தலையைச் சேர்ப்பார்களா என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

உன் பயல் ஷர்வின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வீடியோவைப் பார்த்தேன். போன வருஷம் இதே நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தவனா என்று இருக்கிறது. அவன் கால் நன்றாகத் தரையில் பதிகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு போன் செய்து என்னைத் தடுக்கச் சொல்லாதே. எதற்காக வேண்டினாய் என்று என்னையும் கேட்காதே.

உன் அன்புத் தங்கை,
தனுஜா


ஆயர் ஈத்தாம்,
புதன்கிழமை.

அன்புள்ள அக்கா,

இந்தப் பொட்டலத்தில் உன் ஜாக்கெட் இருக்கிறது. வலது கை உள்மடிப்பில் மஞ்சள் கறை போகவில்லை. மன்னித்துக்கொள், அது அம்மாவின் வேலை. கடிதம் கிடைத்ததும் நீ அம்மாவைக் கூப்பிடவில்லை. எனக்கு மட்டும் "கிறுக்கி" என்று ஒரே வார்த்தை அனுப்பினாய். பூசத்தன்றும் இண்டர்வியூ அன்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசத்தன்று கூட்டத்தில் முடி இறக்குகிற இடத்துக்குப் போய்ச் சேரவே நெடுநேரம் ஆனது. நான் உட்கார்ந்ததும் நாவிதர் என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். திரும்பினால், அம்மா எனக்குத் தெரியாமல் அவருக்கு மூன்று விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். "என்னம்மா, ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றார் நாவிதர். "முழுசா" என்றேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் உன் ஜாக்கெட்டையே போட்டேன். உள்ளே வெள்ளைச் சட்டை, தலையில் ஒன்றும் இல்லை. அம்மா தன் தோட்டைக் கழற்றி எனக்குப் போட்டார். "பொண்ணுன்னாவது தெரியட்டும்" என்றார். கறுப்பை அப்படியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. புதுத் துணிக்கு வைப்பதுபோல ஜாக்கெட் கையின் உள்மூலையில் மஞ்சளைக் குழைத்து வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வேர்த்து, மஞ்சள் கரைந்து சட்டைக்கு இறங்கி, அங்கிருந்து உள்ளங்கைக்கும் வந்துவிட்டது. சான்றிதழ்களை எடுத்து நீட்டும்போதுதான் பார்த்தேன்.

எதிரே கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு சீன மாதுவும் ஒரு மலாய்க்காரரும் இருந்தார்கள். ஹாங்காங்கிலிருந்து ஒருவர் பெரிய திரையில். அறையில் இருந்த இருவரும் என் கண்ணை மட்டுமே பார்த்துப் பேசினார்கள். அவர்கள் பார்வை என் புருவத்துக்கு மேலே ஒரு தடவைகூடப் போகவில்லை. நான் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். நன்றாகத்தான் போனது.

பிறகு, வங்கிக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் எப்படிச் சரிபார்ப்பாய், பலகையில் எழுதிக் காட்டு என்றார்கள். எழுந்தேன். கையைத் தூக்கினேன். வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார். கணக்கைத் தப்பில்லாமல் போட்டேன். திரும்பியபோது திரையில் இருந்தவர் தன் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மிகவும் தன்மையாகக் கேட்டார். கணக்கு முடிக்கிற மாதங்களில் வேலை நேரம் நீளும், உன் உடல்நிலைக்காக நாங்கள் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டுமா என்று. மொட்டைத் தலை, மஞ்சள் கை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த மாது உடனே குறுக்கிட்டு, இதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வழக்கம் அதுதானே. ஆனால் நோயாளி என்று நினைத்து வேலையை மறுத்தாலும் கஷ்டம், பரிதாபப்பட்டுக் கொடுத்தாலும் கஷ்டம். எனக்கு நோய் ஒன்றும் இல்லை என்றேன். அக்கா மகன் குறைமாதத்தில் பிறந்தான், அவன் பிழைத்தால் முடி தருவதாகச் சொன்னேன், பிழைத்தான், தந்துவிட்டேன் என்றேன். மஞ்சள் அம்மா வைத்தது என்றும் சொன்னேன். ஆங்கிலத்தில் இதெல்லாம் மிகவும் சின்ன வாக்கியங்களாக வந்தது.

மலாய்க்காரர், அப்படியென்றால் வருஷா வருஷம் மொட்டையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இல்லை, நான் ஒன்றுதான் கேட்டேன் என்றேன். அந்த மாது தலை குனிந்து ஏதோ எழுதினார். நன்மைக்கா தீமைக்கா தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். அதனால்தான் இப்போது உனக்கும் எழுதுகிறேன். அம்மா கீழே ஐந்தடி நடைபாதையில் காத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொன்னேன். ஆயர் ஈத்தாமில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்த ஆளுக்கு விரல் காட்டியிருப்பேனா" என்று என்னையே திட்டினார்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வார்களாம். இங்கே போன் அடித்தாலே இரண்டு பேரும் எழுந்து நிற்கிறோம்.

அக்கா, நீயும் அத்தானும் நன்றாக இருங்கள். குழந்தைக்கு ஒரு குறையும் வராது. வேலை இல்லை என்றுதான் செய்தி வந்தால், அன்றைக்கு ஷர்வினைத் தூக்கும்போது அவனுக்காகத்தான் வேலை போனது என்று நினைக்காமல் தூக்கு.

உன் தங்கை,
தனுஜா