அவள் விட்டுவிட்ட வாக்கியம்

ஜூன் 3

இன்று கொடிக்கயிற்றுக்குச் சண்டை.

மாடியில் குடிவந்ததிலிருந்து வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவதோடு சரி. இன்று காலை நான் காயப்போட்ட துணிகளை ஒவ்வொன்றாக உருவி என் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றைத் தட்டித் தட்டி ஒரே சொல்லைச் சொன்னார். என்னுடையது. அகராதி தேவைப்படவில்லை, முகமே அர்த்தம் சொல்லிவிட்டது. ஈரத் துணியை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தேன். இந்த நாட்டு மொழியில் நான் உருப்படியாகக் கற்ற முதல் சொல், ஒரு திட்டு.

நாங்கள் இந்த ஊருக்குக் கட்டுகிற பிரசவ மனைக்குச் சுவர் ஜன்னல் மட்டம் வந்துவிட்டது. நாலு அறை, ஒரு தாழ்வாரம். கொத்தனார் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். ஒரு மயிரிழை பிசகவில்லை. நான் இன்ஜினியர் என்பதை மறந்து குழந்தை மாதிரி கை தட்டினேன்.

ஜூன் 6

ஊர்க் கூட்டம். நிலம் கொடுத்த ஊர்த் தலைவர் நடு நாற்காலியில். பக்கத்தில் நான், என் பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். அவளுக்கு 'சுருக்கி' என்று பேர் வைத்தவள் என் அக்கா. ஊர்க்காரர்கள் மூச்சுவிடாமல் பேசுவதை இவள் ஒரே வரியில் முடித்துவிடுகிறாள் என்று நான் போனில் சொன்னபோது வைத்தது. நானும் அவளும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். இந்த நோட்டில் மட்டும் அவள் நன்றாகத் தமிழ் பேசுகிறாள்.

தலையில் நீலத் துண்டு கட்டிய ஓர் அம்மா எழுந்து பேசினார். போன கூட்டத்திலும் பேசியவர். குரலை உயர்த்தவில்லை, என் கண்ணைப் பார்த்தே பேசினார். நானும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சுருக்கி சொன்னது: "வேலை கேக்கறாங்க மேடம். ஆள் தேவைப்பட்டா சொல்றோம்னு சொல்லிட்டேன்."

ஆனால் அந்தப் பேச்சின் நடுவில் கொடிக்கயிற்றுச் சொல் வந்தது. ஒரு தடவை இல்லை. பல தடவை.

வேலை கேட்கிறவர் எதற்கு 'என்னுடையது, என்னுடையது' என்று சொல்ல வேண்டும்?

ஜூன் 7

காலடி நிலத்தைக் காட்டி, இதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கொத்தனாரிடம் கேட்டேன். சொன்னார். நேற்று அதுவும் கேட்ட சொல்தான்.

ஜூன் 8

அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு அந்த பாஷைல மொத்தம் எத்தன வார்த்தை தெரியும்? அதுல ரெண்ட வெச்சுக்கிட்டு துப்பு துலக்குறியா? கட்டடம் கட்டப் போனியா, பஞ்சாயத்து பண்ணப் போனியா?"

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு அந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்: என்னுடையது, நிலம்.

சுருக்கியிடம் கேட்காமல் இருந்துவிடலாம். கேட்டால் இங்கே எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி போய்விடுவாள். மார்க்கெட்டில் ஏமாறாமல் வாங்கக் கற்றுக்கொடுத்தவள், நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்தவள்.

ஜூன் 11

கேட்டுவிட்டேன்.

சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கும் தகரக் கொட்டகையில், மற்றவர்கள் சாப்பிடப் போனபோது. "அந்த நிலம் யாரோடது?" என்றேன். தலைவர் கொடுத்ததுதானே என்றாள். "நீலத் துண்டு கட்டின அம்மா என்ன சொன்னாங்க? முழுசாச் சொல்லு."

நெடுநேரம் மூட்டையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். புருஷன் இறந்த பிறகு அந்த அம்மா கொஞ்ச காலம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்தபோது நிலத்தில் கடைக்கால் தோண்டியாகிவிட்டது. தலைவர் தன் நிலம் போல எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்க நன்றாக இல்லை.

"உங்களுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல கட்ட ஒருத்தர் வந்தாரு மேடம். அவர்கிட்ட எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். தகராறு இருக்குற எடம்னு சொல்லி மூட்டை கட்டிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்க அக்கா ஆஸ்பத்திரிக்குப் போற வழியில லாரியிலயே செத்துப்போனா. வயித்துல இருந்ததும்தான். இப்ப சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?"

 சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி சிரித்தாள்.

ஜூன் 13

வேலையை நிறுத்தினேன். மேலதிகாரிக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். கொத்தனாரும் ஆட்களும் சுவர் நிழலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். சுருக்கி வரவில்லை.

மதியம் தலைவர் வந்தார். கோபமே இல்லை. என் தோளைத் தட்டினார். பிறகு கையை நீட்டி, தூரத்தில் தெரிகிற என் மாடி ஜன்னலைக் காட்டிச் சிரித்தார். அவ்வளவுதான். நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்று அவர் எந்த மொழியிலும் சொல்லவில்லை.

ஜூன் 15

மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று வீட்டுக்காரம்மா சைகை காட்டினார். கீழே குழாயில் நன்றாக வருகிறது.

காய்கறிக் கடைக்காரர் நான் நின்றதைப் பார்க்காத மாதிரியே மற்றவர்களுக்கு நிறுத்துக் கொடுத்தார். கூடையை வைத்துக்கொண்டு நின்றேன், நின்றேன், வந்துவிட்டேன். ராத்திரிக்கு ரொட்டியும் டீயும்தான்.

கதவுக்குப் பின்னால் மேஜையை நகர்த்தி வைத்திருக்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவாள்.

ஜூன் 17

மேலதிகாரி போனில்: "இதெல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கறதுதான். முதல்ல கட்டி முடிங்க, அப்புறம் பேசிக்கலாம்." முடியாது என்றேன். அப்படியென்றால் மாதக் கடைசியில் திட்டத்தையே மூட வேண்டிவரும் என்றார்.

ஆக, நானும் மூட்டை கட்டுகிற ஆளாகப் போகிறேன்.

ஜூன் 20

காலையில் கதவைத் தட்டும் சத்தம். மேஜையை நகர்த்தத் தைரியம் வரவில்லை. பிறகு குரல் கேட்டது, சுருக்கி.

அவள் சட்டைக் கையெல்லாம் ரத்தம். பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி, வண்டி கிடைக்கத் தாமதம், வழியிலேயே பிரசவம். சுருக்கிதான் கூடப் போயிருக்கிறாள். தாய் பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா பார்த்தார். உள்ளே போனார். ஒரு வாளி வெந்நீரோடு ஏறி வந்து வைத்துவிட்டுப் போனார்.

ஐயோ, நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்? அந்த அம்மாவோட நிலம் அந்த அம்மாவுக்கு. சரி. அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்றது? நானா? வேலை நிக்காம இருந்தாலும் அந்தக் கட்டடம் இதுக்குள்ள முடிஞ்சிருக்காது — தெரியும், நல்லாவே தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

ஜூன் 21

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24

சுருக்கி நீலத் துண்டம்மா வீட்டுக்குத் தானே போயிருக்கிறாள். முதல் நாள் முகத்திலேயே கதவைச் சாத்தினாராம். மறுநாளும் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேச அவர் சம்மதித்துவிட்டார்.

"இந்தத் தடவ ஒரு வார்த்தை விடமாட்டேன் மேடம். ஆனா காதுல விழறத நீங்க தாங்கிக்கணும்."

ஜூன் 27

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. தலைவருக்கு அதே நாற்காலி. அவர் வீட்டு ஆட்கள் வாசல் பக்கம் வரிசையாக நின்றார்கள். நான் அளவு டேப்பை இழுப்பதும் சுருட்டுவதுமாக இருந்தேன்.

நீலத் துண்டம்மா எழுந்தார். சுருக்கி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், என் பக்கத்தில் இல்லை. அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், இவள் அதைச் சொல்லுவாள். நிலம் எப்படி வந்தது, அதில் என்ன விளைந்தது, தலைவர் எப்போது வேலியைப் பிடுங்கினார். தலைவர் நடுவில் குறுக்கிட்டார். சுருக்கி அதையும் மொழிபெயர்த்தாள்: "என்னை 'நாக்கை அடக்கு'ன்னு சொல்றாரு." யாரோ சிரித்தார்கள். தலைவருக்கு முகம் கறுத்தது.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பிரசவத்துக்கு எடம் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? என்ன ஏன் கேக்கலன்னுதான் கேட்டேன்" என்று சுருக்கி சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரெண்டு தடவ உங்க கண்ணப் பாத்துக் கேட்டேன். மண்டையை மண்டையை ஆட்டுனீங்களே, அப்ப என்ன நெனச்சீங்க? அப்படிக் கேக்கறாங்க மேடம்."

மன்னிப்புக் கேட்டுத் தப்பித்துக்கொள்வது சுலபம் என்று தோன்றியது, கேட்கவில்லை. "ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி நடிச்சேன்" என்றேன்.

சுருக்கி அதைச் சொன்னாள். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பேசினார். இரண்டு அறை எழுந்திருக்கும் பாதி நிலம் பிரசவ மனைக்கு, மீதிப் பாதி சுவரை இடித்துவிட்டு அவருக்கு, வேலியை நாங்கள் போட்டுத் தர வேண்டும். அவர் வைத்த நிபந்தனை இதுதான். பக்கத்தில் நின்ற பெண்கள் சரி என்றார்கள். ஆண்களில் சிலரும். தலைவர் எழுந்து போனார். வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர்தான் அவர் பின்னால் போனார்கள். மற்றவர்கள் நகரவில்லை.

ஜூன் 30

நாலு அறை இரண்டானது. புது வரைபடத்தை அனுப்பினேன். மேலதிகாரி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். என்னை அடுத்த வருடம் இங்கே வைத்திருப்பார்களா என்பதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 9

ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் போட்டாயிற்று. தலைவர் வண்டியில் போகும்போது இன்னும் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் நீலத் துண்டம்மா வந்தார். மணல் லாரிக்காரன் குவியலை வேலிக்கு அந்தப் பக்கம், அவருடைய நிலத்தில் சரித்துவிட்டுப் போயிருக்கிறான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பிடிபிடியென்று பிடித்தார். சுருக்கி பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்: நான் குருடா, படித்த படிப்பு எங்கே போயிற்று, என்னைப் பெற்றவர்கள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா. ஓரிடத்தில் தயங்கி நின்றாள்.

"இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எனக்கு இங்கிலீஷ் தெரியல மேடம். ஆனா ரொம்பக் கெட்ட வார்த்தை."

நான் மண்வெட்டி எடுத்துவரச் சொன்னேன். மாலைக்குள் மணலை இந்தப் பக்கம் வாரிப் போட்டுவிட்டோம்.