மெஷின் ஆடுகிறது என்று சொன்னேனே, மதினி

மதினி,

கடையை ஒழித்துக்கொண்டிருந்தபோது பரணிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டி கைக்கு வந்தது. அதன் நீண்ட ஒயரின் முனையில் உள்ள திருகைக் கழற்றினால், உள்ளே வெள்ளையாக ஏதோ அடைந்து கிடந்தது. பூஞ்சை என்று நினைத்து முகர்ந்தேன். முகப்பவுடர். விரல் வியர்த்து வழுக்காமலிருக்க, ஆட உட்காருமுன் தொட்டுக்கொள்வீர்களே, அதே பவுடர். நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. அது இன்னும் மணக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெட்டி உங்களுடையது. ஊரில் அது என்னுடையது என்றுதான் பேச்சு, அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த அண்ணன், லீவில் வந்த ஒருவர் கையில் உங்களுக்கென்று கொடுத்தனுப்பியது. டிவியோடு சேர்த்தால் பந்து விளையாடலாம், உனக்குப் பொழுது போகும் என்று சொல்லியனுப்பியிருந்தார். நம்ம கடற்கரைப் பக்கம் உயரமாக ஆன்டெனா கட்டி இலங்கை டிவி பார்க்கத் தொடங்கியிருந்த காலம். பிரான்சு டிவிக்குச் செய்த பெட்டி என்பதால் இங்கே படம் நிற்காமல் உருண்டது. பாண்டிச்சேரி மெக்கானிக்குகள் மூன்று பேர் கைவிட்டதை நான் சரிசெய்தேன் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். உங்களுக்குத் தெரியும், என்னைத் தவிர ஒருவரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எதை முறுக்கினேன், எப்படிச் சரியானது என்று எனக்கும் தெரியாது.

டிவியில் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கட்டை, நடுவில் ஒரு பந்து. திருகைத் திருப்பினால் கட்டை மேலும் கீழும் போகும். டொக் டொக் என்று சத்தம். விளையாட்டு அவ்வளவுதான். வீட்டில் ஜோடிக்கு ஆளில்லாததால் நீங்களே இரண்டு திருகையும் பிடித்து, இடது கையை வலது கையோடு மோதவிட்டு ஆடினீர்கள். ஒருநாள் நான் வந்து உட்கார்ந்தேன். ஒரு பந்தைக்கூட என்னைத் தொடவிடவில்லை.

"தம்பி, நீங்க ரேடியோவே பாருங்க" என்றீர்கள்.

பிறகு பெட்டியை என் ரேடியோ கடையில் வைத்துக்கொள்கிறேன் என்று நான் கேட்டபோது, "வச்சுக்கங்க. ஆனா நானும் வருவேன்" என்றீர்கள். கடையில் ஆம்பளைகள் கூடுவார்கள், நன்றாயிருக்காது என்று இழுத்தேன். பின்னறை இருக்கிறதே என்று நீங்கள்தான் வழி சொன்னீர்கள். கடை டிவியில் பெட்டியைச் சேர்த்து, ஒரு திருகின் ஒயரைப் பின்னறை வரை நீட்டிவைத்தேன். வாசலுக்கு ஒரு துணித்திரை. பின்சந்து வழியாக வந்து, திரை இடுக்கில் டிவியைப் பார்த்தபடி உட்கார்வீர்கள். முன்னால் ஒருவன் ஒரு திருகைப் பிடிப்பான். மற்றது உங்கள் கையில்.

முதல் நாளே சைக்கிள் கடை சூசை கேட்டான். "அந்தப் பக்கம் யாருடா ஆடுறா?"

"மெஷினே ஆடுதுடா. பிரான்சுக்காரன் மூளை வச்சு அனுப்பியிருக்கான்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. திரைக்குப் பின்னால் நீங்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தது எனக்குத்தான் கேட்டது. அன்று சாயங்காலம், "மெஷின்னா மெஷினாவே இருந்துட்டுப் போறேன். ஆட விட்டாச் சரி" என்றீர்கள்.

அதன் பிறகு கூட்டத்தைக் கேட்க வேண்டுமா. கோட்டுச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே கடைக்கு வந்தார்கள். திருவேட்டக்குடியிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள், கண் கூர்மையானவர்கள், அவர்களும் வந்து தோற்றார்கள். டென்னிஸ் செட் என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். மெஷினின் குணத்தை அலசுவதே அவர்களுக்கு வேலை.

"சின்னப் புள்ளைங்க ஆடுனா அது விட்டுக்குடுக்குது, பாத்தியா? அதுக்கும் ஈரம் இருக்குடா."

"ஒனக்கு ஏன்டா குடுக்க மாட்டேங்குது?"

"என் மூஞ்சி புடிக்கல போல."

கொஞ்ச நாளில் பின்சந்தில் செருப்புகள் அதிகமாயின. பின்வீட்டு அமலி வந்தாள். விழிதியூரிலிருந்து தையல் படிக்க வந்துகொண்டிருந்த பெண்கள் வந்தார்கள். பக்கத்தில் உட்காரவைத்து, விரலில் பவுடர் தொட்டுவிட்டு, திருகைக் கொடுத்தீர்கள். "பந்து பின்னால ஓடாதடி. அது வர்ற எடத்துல போய் நில்லு" என்பது உங்கள் பாடம். அவர்கள் ஆடும் நாளில் முன்னால் இருப்பவர்கள் ஜெயித்துவிடுவார்கள். "இன்னிக்கு மெஷினுக்கு ஒடம்பு சரியில்ல" என்பான் சூசை. அமலி உள்ளேயிருந்து அவனுக்குப் பழிப்புக் காட்டுவாள்.

அந்தப் பெண்கள் கை தேறிய பிறகுதான் நீங்கள் கேட்டீர்கள்.

"தம்பி, திருவிழா அன்னிக்குத் திரைய எடுத்துருங்க. நாங்க முன்னால உக்காந்து ஆடுறோம்."

"ஊரு என்ன சொல்லும் மதினி?"

"தோத்தவன் என்ன சொல்லுவான்னு சொல்லுங்க. இந்தப் புள்ளைங்க இப்புடி ஆடுதுன்னு ஒருத்தனுக்காவது தெரிய வேணாமா? எனக்காவது வயசாச்சு. அதுங்களும் மெஷினாவே இருக்கணுமா?"

எடுத்துவிடுகிறேன் என்றேன். மாதா மேல் சத்தியம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

திருவிழா அன்று கடையில் நிற்க இடமில்லை. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தார். வெளிநாட்டில் இதை ஆடிப் பழகியவராம். அவ்வளவு பேரைப் பார்த்ததும் திரையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஆட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினார். நீங்கள் அவரைச் சமமாகவே கூட்டிவந்து, கடைசியில் அவர் கட்டை மேலே நிற்கும்போது பந்தைக் கீழ் மூலையில் விட்டீர்கள். கடையே கத்தியது.

அப்போதுதான் திரை விலகியது. நான் எடுப்பேன் என்று பார்த்துப் பார்த்து, நீங்களே விலக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். கையில் திருகு. பின்னால் அமலியும் அந்தப் பெண்களும்.

"என்னய்யா இது, பொம்பளையா ஆடுனது?" என்று யாரோ கேட்டார். ஆபீசர் முகம் கறுத்துவிட்டது. இத்தனை நாள் தோற்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் சிரித்தேன், மதினி. "சேச்சே. ஒயர் கழண்டுருச்சான்னு பாக்க வந்தாங்க. ஆடுனது மெஷின்தான்" என்றேன். உடனே கடை முழுக்கச் சிரிப்பு. ஆபீசரும் சிரித்தார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே நாறியிருப்பேன். "ஆமா. ஒயர் பாக்கத்தான் வந்தேன்" என்றீர்கள். திருகை மேசையில் வைத்துவிட்டு, அத்தனை ஆம்பளைகளுக்கும் நடுவே முன்வாசல் வழியாக நடந்து போனீர்கள். நீங்கள் என் மானத்தைக் காப்பாற்றியதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது. திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு அமலி வரவில்லை. தையல் பெண்கள் அந்தச் சந்துப் பக்கமே வராமல் வழியை மாற்றிக்கொண்டார்கள். கேட்டு வந்தவர்களுக்காக நானே திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வந்தவன் போனவன் எல்லோரும் ஜெயித்தார்கள். "மெஷின் தேஞ்சு போச்சுடா" என்று சூசை துக்கம் விசாரித்தான். பெட்டியைப் பரணில் போட்டேன்.

அண்ணன் ஊரோடு வந்து தங்கிய பிறகு ஒருமுறை, வீட்டில் வைத்து ஆடலாமா மதினி என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தவில்லை. "ஒயர் பாக்குறவளுக்கு ஆடத் தெரியுமா தம்பி?" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காபி போட்டுத் தந்தீர்கள்.

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீடியோ கேம் கடை வந்திருக்கிறது. கலர் மெஷின்கள். உள்ளே முழுக்கப் பையன்கள். போன வாரம் சூசையோடு அங்கே நின்றேன். ஸ்கூல் விட்டு வந்த பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "இங்க என்னம்மா வேல? வீட்டுக்குப் போங்க" என்றான் கடைக்காரன். போய்விட்டார்கள். சூசை அதைக் கவனிக்கவேயில்லை. யாராலும் ஜெயிக்க முடியாத பிரெஞ்சு மெஷின் கதையைக் கடைக்காரனிடம் அளந்துகொண்டிருந்தான்.

நான் சொல்லிவிட்டேன். மெஷினும் இல்லை, மூளையும் இல்லை, ஆடியது எங்கள் மதினி என்று. தையல் பெண்களைச் சொன்னேன். இடது கை வலது கை ஆட்டத்தைச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒன்றும் கூட்டாமல் சொன்ன ஒரே சங்கதி அதுதான்.

சூசை என் முதுகில் தட்டினான். "புதுசா ஒன்னு கட்டிட்டியா? நல்லாயில்லடா. அந்த மெஷின் கதையே நல்லாயிருந்துச்சு" என்றான். கடைக்காரனும் சிரித்தான்.

மறுநாளும் போய்ச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள், ஒருவரும் நம்பவில்லை. மெஷின் கதை அவர்களுக்கு மனப்பாடம். அதை அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், மதினி.