நாற்காலி மேல் ஏறியவன்

ஜூலை 10, வியாழன்

எங்கள் கால்பந்து கிளப்புக்குப் புதிதாக வருபவன் முதல் நாள் நாற்காலி மேல் ஏறி நின்று பெயர், ஊர் சொல்லி ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தை ஆரம்பித்தவனே நான்தான்.

இந்த சீசனில் புது கோச் தன் பழைய டீமையே கூட்டிவந்துவிட்டார். இருபத்தைந்து பேர். போன வருஷத்து ஆட்களில் மிச்சம் நான் ஒருவன்தான்.

இன்று ஆவடி மைதானத்தில் நாற்காலியைப் போட்டார்கள். எவன் முதலில் ஏறப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாங்கெல்லாம் ஒண்ணா ஆடிகினு இருந்தவங்கோ அண்ணாத்தே. உன்னத்தான் யாருக்கும் தெர்ல. ஏறு," என்றான் கோல்கீப்பர்.

ஏறினேன். பெயரைச் சொன்னேன், அம்பத்தூர் என்றேன். ஆறு வருஷமாக இங்கேதான் ஆடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாடி முடித்ததும் எல்லோரும் கைதட்டி, என்னை என் கிளப்புக்கே வரவேற்றார்கள்.