கடக்காமல் திரும்பியவர்களின் கணக்கு

அனுப்புநர்:
இரண்டாம் மாடி, முன்பக்க வீடு,
பழைய அச்சகத் தெருவும் பிரதான சாலையும் சேரும் முனை.
(பெயரும் கதவு எண்ணும் தனி உறையில் உள்ளன. அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நகலில் அவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

பெறுநர்:
நகரத் திட்டமிடல் அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருமுனைக்கு எதிரே எழும் குடியிருப்பு வளாகம் – போக்குவரத்துத் தாக்க ஆய்வறிக்கை – பாதசாரிகள் கடக்கும் கோட்டையும் சிக்னலையும் நீக்கும் பரிந்துரைக்கு ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: பொதுமக்கள் கருத்துக்காகத் தங்கள் அலுவலகம் வெளியிட்ட மேற்படி அறிக்கை, இணைப்புகளுடன்.

மதிப்பிற்குரிய ஐயா,

பணிவுடனும் கொஞ்சம் பயத்துடனும் எழுதிக்கொள்வது.

1. நான் வீட்டில் இருந்தபடி பதிப்பகங்களுக்குச் சொல்லடைவு தயாரிப்பவள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடி, புத்தகத்தின் கடைசியில் அடுக்கிக் கொடுப்பது என் வேலை. அலுவலகங்களுக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. முறை தவறி ஏதேனும் எழுதியிருந்தால் பொறுத்தருளவும். அறிக்கையை முழுவதும் படித்துவிட்டே எழுதுகிறேன்.

2. நான் புரிந்துகொண்டது சரியா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு சந்திப்பில் ஒவ்வொரு வாகனமும் சராசரியாக எத்தனை விநாடி காத்திருக்கிறது என்று அளந்து, முதல் தரத்திலிருந்து ஆறாம் தரம் வரை அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். புதிய வளாகத்தில் குடியேறப் போகிறவர்களின் கார்களால் எங்கள் சந்திப்பு ஆறாம் தரத்துக்கு இறங்கிவிடும் என்கிறது அறிக்கை. அதைச் சரிக்கட்ட அது காட்டும் வழி, நாங்கள் நடந்து கடக்கும் கோட்டை அழிப்பது, பாதசாரிகளுக்கான சிக்னலை எடுப்பது, நடுவில் தடுப்புச் சுவரை நீட்டுவது. அப்படிச் செய்தால் சந்திப்பு நான்காம் தரத்துக்கு ஏறிவிடுகிறது. முதல் அட்டவணையில் பாதசாரிகளுக்கு என்று ஒரு வரி இருந்தது, அடுத்த அட்டவணையில் அது இல்லை. அந்த இல்லாமல் போன வரியில்தான் என் அம்மா தினமும் நடக்கிறார்.

தொழில் பழக்கத்தால் அறிக்கையில் சொற்களைத் தேடினேன். ‘தாமதம்’ பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. அது முழுக்க வண்டிகளின் தாமதம். ஓரத்தில் நிற்பவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது எங்கும் இல்லை. ‘பாதசாரி’ வரும் இடங்களில் பெரும்பாலும் பக்கத்தில் ‘இடையூறு’ என்ற சொல்லும் இருக்கிறது.

3. (இந்தப் பத்தியை மட்டும் கூட்டத்தில் வாசிக்கவோ பலகையில் ஒட்டவோ வேண்டாம். வாசித்தால் ஒருவரின் வேலை போய்விடும்.) என் அம்மா சாலையின் எதிர்ப்புறம் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறார். அவருக்கு இடது காது கேட்காது. ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்குச் சத்தம் கேட்கும். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. ஹாரன் அடித்தால் அம்மா தவறான திசையில் திரும்பிப் பார்ப்பார். காப்பகத்தில் இதைச் சொல்லவில்லை. குழந்தை எந்த மூலையில் அழுகிறது என்று தெரியாதவரை யார் வேலைக்கு வைப்பார்கள் என்பது அம்மாவின் கேள்வி. ஆனால் அம்மா அதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்துவிடுவார், மற்ற ஆயாக்களுக்கு முன்பே. சாலையில் அந்தச் சாமர்த்தியம் போதாது. அங்கே அவருக்கு இருப்பது அந்தப் பச்சை விளக்கு ஒன்றுதான்.

4. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, சிக்னல் வேலை செய்யவில்லை. அம்மா சாலையின் நடுவில் மாட்டிக்கொண்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேன் அவரை உரசினாற்போல் போனது. அதன் பக்கக் கண்ணாடி அவர் தோளில் இருந்த பையைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. பை போன திசைக்கு நேரெதிர்த் திசையில் அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்தினேன். அந்த இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிரித்தார். “பை போனா போகுது, சாப்பாட்டு டப்பா பழசுதான். நீ ஏண்டி இப்படி வெளிறிப்போய் நிக்கிற?” என்றார். சில வாரம் கழித்து, கூடவே வந்து கடத்திவிடுகிறேன் என்றதற்கு, “ரோட்டைத் தாண்ட உன்கிட்ட விசா வாங்கணுமா? முதல்ல நீ தாண்டு, பார்ப்போம்” என்றார்.

அந்த இடத்தில் விபத்து எதுவும் பதிவாகவில்லை என்று அறிக்கை சொல்கிறது. உண்மைதான். அடிபட்டது ஒரு சாப்பாட்டு டப்பா.

5. அம்மா சொன்னதில் தப்பில்லை. அந்த மாலைக்குப் பிறகு நான் அந்தச் சாலையை நடந்து கடக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆய்வுக்காக வாகனங்களை எண்ண வந்திருந்த அன்று, கணக்கெடுக்கும் பெண்மணி எங்கள் தெருமுனையில் குடை கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் அழுத்தி எண்ணும் கருவிகள், வண்டிக்கு ஒன்று, நடப்பவர்களுக்கு ஒன்று. நான் எதிர்ப்புற அச்சகத்துக்குத் தாள்களைக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. கோட்டின் முன் நின்றேன். பச்சை வந்தது, போனது. மறுபடி வந்தது. அவர் கருவியில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “போறீங்களாம்மா, இல்லையா? போனா ஒண்ணு போட்டுடுவேன்” என்றார். நான் திரும்பி, ஓரத்தில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். மேம்பாலத்துக்கு அடியில் போய்த் திரும்பி, நெரிசலில் நின்று, எதிர்ப்புறம் வந்து இறங்குவதற்காக.

ஆட்டோ நகரும்போது அவர் சிரித்துக்கொண்டே, “சரி விடுங்க, உங்களை வண்டியில சேர்த்துட்டேன்” என்றார்.

அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அறிக்கையைப் படித்தபோதுதான் அந்தப் பேச்சின் பொருள் எனக்கு உறைத்தது. அந்தக் கோட்டைக் கடப்பவர்கள் குறைவு, ஆகவே அது தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வாகனங்கள் அதிகம், ஆகவே அவற்றுக்கு இடம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஐயா, இரண்டு எண்ணிக்கையிலும் நான் இருக்கிறேன். கடக்கப் பயந்ததால் முதலாவதில் ஒன்று குறைந்தேன், அதே பயத்தால் இரண்டாவதில் ஒன்று கூடினேன்.

6. நான் ஒருத்தி மட்டும் இப்படி என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். கீழ்வீட்டு மாமா, கண்ணுக்கு எதிரே தெரியும் மருந்துக் கடைக்கு ஆட்டோவில் போகிறார். “பக்கத்துல இருக்குன்னுதான் பேரு, வெளியூர் போற மாதிரி போறேன்” என்பார். அடுத்த கட்டடத்து அக்கா, எதிர்ப்புறப் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துப்போகவென்றே ஸ்கூட்டர் வாங்கினார். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது தனிக்கதை. இவர்கள் யாரும் நடப்பவர் கணக்கில் இல்லை. வளாகம் எழும்பி நெரிசல் கூடினால் இன்னும் சிலர் நடப்பதை விடுவார்கள். அடுத்த கணக்கெடுப்பில் நடப்பவர்கள் மேலும் குறைவார்கள், வண்டிகள் மேலும் கூடும். அப்போது எதை அழிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

7. கோட்டுக்குப் பதிலாக வளாகத்தின் மறுகோடியில் உள்ள வாசலருகே நடைமேம்பாலம் வரும் என்று சொல்லப்பட்டுள்ளது. அது நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டது என்றே நம்புகிறேன். ஆனால் அம்மா அங்கே போக மாட்டார். மகளாக உறுதியாகச் சொல்கிறேன். கேட்டுப் பார்த்தேன். “அவ்வளவு தூரம் போய் ஏறி இறங்குறதுக்குள்ள பிள்ளைங்க பசியில கத்த ஆரம்பிச்சிடும். சுவர்ல எங்கயாவது ஒரு சந்து இருக்கும், நுழைஞ்சிக்கிறேன்” என்றார். தடுப்புச் சுவரில் எப்போதும் ஒரு சந்து இருக்கும். அங்கே விளக்கு இருக்காது.

8. சுவருக்கான கற்கள் இந்த வாரமே வந்து இறங்கிவிட்டன. கோட்டின் இரு முனைகளிலும் சாலையில் யாரோ சுண்ணாம்பால் குறி போட்டிருக்கிறார்கள். கருத்துக் கேட்கும் முன்பே கற்கள் வந்தது ஏன் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. தெருவில் பிரேக் சத்தம் கேட்டால் என் கையிலிருக்கும் பக்கம் அப்படியே நின்றுவிடுகிறது. அம்மா படியேறும் செருப்புச் சத்தம் கேட்ட பிறகே அடுத்த சொல்லைத் தேடுகிறேன். இப்போதைக்கு அந்தப் பயத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, அந்தப் பச்சை விளக்கு. அதையும் எடுத்துவிட்டால் நாள் முழுவதும் பிரேக் சத்தத்துக்கும் செருப்புச் சத்தத்துக்கும் இடைப்பட்ட அந்த நேரமாகவே இருக்கும்.

9. ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து அந்தக் கோட்டையும் சிக்னலையும் நீக்கும் பரிந்துரையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். கற்களை அதுவரை தொடாதிருக்க உத்தரவிடவும் வேண்டுகிறேன். வளாகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; வருகிறவர்களுக்கும் வீடு வேண்டும். மறுபடி கணக்கெடுக்கும்போது, கடந்தவர்களோடு, வந்து நின்று திரும்பிப் போனவர்களையும் எண்ணச் சொல்லுங்கள். பச்சை விளக்கு எரியும் நேரம் மெதுவாக நடப்பவருக்குப் போதுகிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள். வண்டிக்கு விநாடி எண்ணத் தெரிந்தவர்களுக்கு இது கடினம் அல்ல.

10. கருத்துக்கேட்புக் கூட்டம் வரும் வியாழன் மாலை, எதிர்ப்புற வார்டு அலுவலக மாடியில் என்று அறிவிப்பில் உள்ளது. நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரம். அம்மா வேலை முடிந்து அந்தப் பக்கமே இருப்பார். “நீ வா, நான் இந்தப் பக்கம் நின்னு கை காட்டுறேன்” என்று சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் வந்தால் நானே அறிக்கையின் பக்கம் சாட்சி சொன்னதாகிவிடும் என்பதால் நடந்து வர முடிவு செய்திருக்கிறேன்.

வந்துவிடுவேன் என்று உறுதி கூற முடியவில்லை. ஒருவேளை என் முறை வந்து அழைக்கும்போது பதில் இல்லாவிட்டால், ஆட்சேபம் இல்லை என்று மட்டும் பதிவு செய்துவிடாதீர்கள், ஐயா. யாரையாவது ஜன்னல் பக்கம் அனுப்பிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)

நாள்: கூட்டத்துக்கு முந்தைய வெள்ளி
இடம்: பழைய அச்சகத் தெரு முனை

நகல்: வார்டு உறுப்பினர் அவர்கள் (மூன்றாம் பத்தி நீக்கப்பட்டது).